காபிப் பொடியும் டீத்தூளும் கேபின் பையில்: மாட்டினால் என்ன செய்வது?

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வெளிநாடு கிளம்புகிறவர்களின் மூட்டையில் துணிமணிக்கு அடுத்தபடி இருப்பது காபிப் பொடி அல்லது டீத்தூள். கையோடு கொண்டுபோகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனாலும் யாராவது ஒருவர் எங்காவது ஒரு கவுன்ட்டரில் பையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நிற்கத்தான் செய்கிறார். ஏனென்றால் அந்த ஒரே பொட்டலத்தை மூன்று தரப்பு மூன்று கண்ணோடு பார்க்கிறது. ஏர்லைன்ஸுக்கு எடை முக்கியம். செக்யூரிட்டிக்கு அது வெடிக்குமா, திரவமா என்பது முக்கியம். இறங்குகிற நாட்டின் கஸ்டம்ஸுக்குப் பூச்சியும் கால்நடை நோயும் உள்ளே வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இவரிடம் சொல்ல வேண்டிய பதிலை அவரிடம் சொன்னால் வேலைக்கு ஆகாது. "இதெல்லாம் அங்கே கஸ்டம்ஸ்ல விடுவாங்க சார்" என்று செக்யூரிட்டியிடம் வாதாடிப் பிரயோஜனம் இல்லை.

அதனால் முதலில் நிறுத்தியது யார் என்று பாருங்கள். அப்புறம் கீழே உங்கள் பிரச்சினை எதுவோ அதைப் படியுங்கள்.

ஸ்கேனரிலிருந்து வந்த பையைத் தனியாக ஓரம் தள்ளுகிறார்கள்

அதிகமாக நடப்பது இதுதான். பயப்படத் தேவையில்லாததும் இதுதான். எக்ஸ்ரே திரையில் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் தன்மைப்படி நிறம் விழும். உலோகம் நீலம். கண்ணாடி, உப்பு போன்றவை பச்சை. உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் ஆரஞ்சு. வெடிமருந்துகளில் பெரும்பாலானவையும் அதே ஆரஞ்சில்தான் விழும் என்பதுதான் சிக்கல். அரை கிலோ காபிப் பொடியை வேக்குவம் பேக்கில் செங்கல் மாதிரி இறுக்கி வைத்திருந்தால், திரையில் தெரிவது உள்ளே ஒரே சீராக அடர்ந்த ஓர் ஆரஞ்சுக் கட்டி. அதன் மேல் சார்ஜர் ஒயரும் பவர் பேங்கும் கிடந்தால் கேட்கவே வேண்டாம். திரைக்கு முன்னால் இருப்பவர் அதைப் பார்க்காமல் விட்டால்தான் தப்பு.

செய்ய வேண்டியது சுலபம். பொடிப் பாக்கெட்டுகளைப் பையின் மேல்பக்கம் வையுங்கள். மின்சாதனங்களை வேறு பக்கம் வையுங்கள். லேப்டாப்பை எடுத்து ட்ரேயில் வைக்கும்போதே பொடியையும் எடுத்து இன்னொரு ட்ரேயில் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடாதீர்கள். உலோகத்துக்குள் என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாது, திறக்கச் சொல்வார்கள். ஜிப் வைத்த கண்ணாடிக் கவர்தான் நல்லது.

காபிக் கடையில் கண்ணெதிரே அரைத்து வாங்கிய பொடிக்கு மணம் உண்டு, அடையாளம் கிடையாது. பழுப்புக் கவரின் மூலையில் பால்பாயிண்ட் பேனாவில் "80:20" என்று கிறுக்கி, வாயை ஹீட் சீல் போட்டுக் கொடுப்பார்கள். நமக்கு அது காபிக்கும் சிக்கரிக்குமான விகிதம். சோதனை செய்பவருக்கு அது ஏதோ எண் எழுதிய பழுப்புப் பொட்டலம். பேர் அச்சடித்த பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள், பெரும்பாலான கடைகளில் இருக்கும். பில்லையும் உள்ளேயே போட்டு வையுங்கள். வீட்டில் இடித்த சுக்குக் காபிப் பொடிக்கு அந்த வழி இல்லை. கருப்பட்டி சேர்ந்து கட்டிகட்டியாக வேறு இருக்கும். அதைப் பேசாமல் செக்-இன் பெட்டிக்கு அனுப்பிவிடுவது மேல்.

"இது என்ன?" என்று கேட்டால் "காபிப் பொடி சார்" என்பதே போதுமான பதில். கதை எதுவும் வேண்டாம், ஜோக் வேண்டவே வேண்டாம்.

பட்டையால் துடைத்து மெஷினில் வைக்கிறார்கள், மெஷின் கத்துகிறது

சின்னத் துணிப் பட்டையால் பையின் கைப்பிடி, ஜிப், பாக்கெட்டின் வெளிப்பக்கம் எல்லாவற்றையும் தடவி ஒரு கருவிக்குள் செருகுவார்கள். வெடிமருந்தின் துகள் ஒட்டியிருக்கிறதா என்று அது சொல்லும். அது கத்தினால் காபிமேல் பழி போடாதீர்கள். கிளிசரின் உள்ள ஹேண்ட் க்ரீமும் தோட்டத்துக்கு உரம் போட்ட கையும் சில சமயம் இதைக் கிளப்பிவிடும். மறுபடி துடைப்பார்கள், பையைப் பிரிப்பார்கள், பத்துப் பதினைந்து நிமிஷம் போகும். அவர்கள் துடைக்கும்போது உதவுவதாக நினைத்துப் பாக்கெட்டில் கை வைக்காமல் இருந்தால் சீக்கிரம் முடியும்.

சென்னையில் விட்டார்கள், வழியில் "350 மில்லி" என்று நிறுத்துகிறார்கள்

இது அமெரிக்கா போகிறவர்களின் பிரச்சினை. விவரமாகப் பார்க்கலாம்.

2017 ஜூலையில் சிட்னியிலிருந்து கிளம்பும் ஒரு விமானத்தைத் தகர்க்கத் தீட்டிய சதி பிடிபட்டது. அதற்குப் பிறகு பொடி வகைகள்மீது எல்லோருடைய கண்ணும் விழுந்தது. 2018 ஜூன் 30 முதல், வேறு நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் பறக்கும் விமானங்களில், கேபின் பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் கூடுதலாகச் சோதிப்பார்கள். அது என்ன என்று அங்கேயே உறுதிசெய்ய முடியாவிட்டால் விமானத்துக்குள் ஏற்ற விட மாட்டார்கள். குழந்தைக்கான பால் பவுடர், மருந்து, இறந்தவரின் அஸ்தி இவற்றுக்கு விலக்கு உண்டு. காபிக்கு இல்லை.

இரண்டு இடத்தில் ஆட்கள் குழம்புகிறார்கள். முதலாவது, இது எடைக் கணக்கு இல்லை, கொள்ளளவுக் கணக்கு. 350 மில்லி என்றால் ஒரு கூல்டிரிங்க்ஸ் டின்னைவிடச் சற்றே அதிகம். காபிப் பொடி லேசானது, அந்த அளவுக்குள் ஏறக்குறைய 150 கிராம்தான் அடங்கும். "350 வரைக்கும் ஓகே" என்று யாரோ சொன்னதைக் கேட்டு கால் கிலோ பாக்கெட் எடுத்தால் கணக்கு உதைக்கும். அரை கிலோ பாக்கெட் ஒரு லிட்டரைத் தாண்டும். சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே 250 மில்லி கப்பால் அளந்து பாருங்கள். ஒன்றரைக் கப்புக்குக் கொஞ்சம் குறைவாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இந்தச் சோதனை நடப்பது அமெரிக்காவுக்குக் கிளம்பும் கடைசி ஊரில். சென்னையில் யாரும் ஒன்றும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். தோஹாவிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ கேட்டுக்கு முன்னால் பிடிப்பார்கள். அபுதாபியில் அமெரிக்க இமிகிரேஷனையே அங்கு வைத்து முடித்துவிடுவதால், அமெரிக்க முறைச் சோதனையும் அங்கேயே. அந்த நேரத்தில் உங்கள் செக்-இன் பெட்டி எங்கேயோ விமானத்தின் வயிற்றுக்குப் போயிருக்கும், பொடியை அதற்கு மாற்ற வழி கிடையாது.

அங்கே நின்றுவிட்டால் என்ன செய்யலாம்? சீல் உடையாத கம்பெனி பாக்கெட்டாக இருந்தால் திறந்து காட்டத் தயார் என்று சொல்லுங்கள். கேபின் பையையே கேட்டில் ஒப்படைத்துச் சரக்கறைக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள், இடம் பார்த்துச் சில சமயம் ஒத்துக்கொள்வார்கள். அப்படி ஒப்படைப்பதானால் முதலில் பவர் பேங்கைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அது சரக்கறைக்குப் போகக் கூடாது. இரண்டும் நடக்காவிட்டால் பொடியை விட்டுவிட்டு விமானத்தைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. அமெரிக்கப் பயணம் என்றால் மொத்தப் பொடியும் செக்-இன் பெட்டியில், போய் இறங்கிய முதல் இரண்டு நாளுக்கு வேண்டியது மட்டும் கையில். பெட்டி வந்து சேரத் தாமதமானாலும் மறுநாள் காலைக் காபிக்குப் பங்கம் வராது. வறுத்த கொட்டையாகவே வாங்கிப் போவதும் நல்ல உபாயம். கொட்டை பொடி கிடையாது, அதற்கு இந்த அளவும் கிடையாது. போன இடத்தில் அரைக்க மிக்ஸி இருந்தால் போதும். சிக்கரி இல்லாமல் இறங்காது என்கிறவர்கள் அதை மட்டும் ஒரு சின்னப் பாக்கெட்டில் எடுத்துக்கொள்ளலாம். டீ பேக்குக்கும் பெரிய இலை டீக்கும் தொந்தரவு குறைவு. நம்மூர் டீத்தூள்தான் பொடிப்பொடியாக இருக்கும்.

அமெரிக்காவுக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பறக்கும்போது 350 மில்லிக்கு மேல் இருப்பதைத் தனி ட்ரேயில் வைக்கச் சொல்வார்கள். சோதித்துவிட்டு விடுவார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இதே 350 மில்லி பேச்சு அடிபடும். ஆனால் அங்கே அந்த அளவு உப்பு, மணல், டால்கம் பவுடர் மாதிரியான கனிமப் பொடிகளுக்குத்தான். காபிக்கும் டீக்கும் அளவுக் கட்டுப்பாடு இல்லை, சோதனை மட்டும் உண்டு. அதாவது பையில் காபிப் பொடி தப்பித்துவிடும், பக்கத்தில் கிடக்கும் பெரிய முகப்பவுடர் டப்பா மாட்டும்.

டிகாஷன் பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்கிறார்கள்

2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் திட்டம் வெளிப்பட்டது. அன்றிலிருந்து வந்தது 100 மில்லி விதி. டிகாஷனும் ஒரு திரவம்தான், பாசம் பார்க்க மாட்டார்கள். பிளாஸ்கில் போட்ட சூடான டீ, ஜூஸ், ரசம் எல்லாம் ஒரே கணக்கு.

பெரும்பாலும் மாட்டுவது அளவில் இல்லை, பாட்டிலில். 200 மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றாலும் விட மாட்டார்கள். பாட்டிலின் கொள்ளளவே 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். அதை ஒரு லிட்டர் அளவுள்ள, மூடித் திறக்கும் கண்ணாடிக் கவருக்குள் ஷாம்பு, பேஸ்ட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கவர்தான். கடைகளில் கிடைக்கும் சின்ன டிகாஷன் பாக்கெட்டுகளுக்கும் அதே கவர்தான்.

இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. கெட்டியாக இறக்கிய முதல் டிகாஷன் 100 மில்லி என்பது மூன்று டம்ளர் காபி. நீண்ட பயணத்துக்கே அது போதும்.

டிகாஷனை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்துக் கொண்டுபோகும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. அமெரிக்க விமான நிலையங்களில், சோதனைக்கு வரும்போது கல்லாக உறைந்திருந்தால் அது திரவமாகக் கருதப்படாது. கொஞ்சம் இளகி அடியில் நீர் நின்றால் போச்சு. வேறு நாட்டில் இதை முயல வேண்டாம்.

புது வகை ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் 100 மில்லி விதியையே தளர்த்திவிட்டார்கள். எடின்பரோவில் 2025 முதல் 2 லிட்டர் பாட்டில் வரை விடுகிறார்கள். அதை நம்பி அங்கிருந்து ஒரு பாட்டில் கோல்டு ப்ரூ காபியோடு கிளம்பி, மாறுகிற ஊரில் பழைய ஸ்கேனர் இருந்தால் அங்கே கொட்ட வேண்டியதுதான். வழியில் இருக்கும் எல்லா ஊர்களிலும் கடுமையானது எதுவோ அதற்குத் தகுந்தபடி பையைக் கட்டுங்கள்.

செக்யூரிட்டி தாண்டி வாங்கிய காபியையும் கொட்டச் சொல்கிறார்கள்

சிங்கப்பூர் சாங்கியில் 1, 2, 3ஆம் டெர்மினல்களில் செக்யூரிட்டி சோதனையே கேட்டுக்குப் பக்கத்தில்தான். இமிகிரேஷன் முடித்து, கடைகளைச் சுற்றி, ஆசையாக ஒரு கோப்பி பாக்கெட் கட்டி வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போனால், குடித்துவிட்டு வாருங்கள் அல்லது கொட்டுங்கள் என்பார்கள். 4ஆம் டெர்மினலில் அப்படியில்லை, முன்னாலேயே ஒரே இடத்தில் சோதனை முடிந்துவிடும். அமெரிக்கா போகும் விமானங்களுக்கும் பல ஊர்களில் கேட்டில் இரண்டாவது சோதனை உண்டு. கேட் திறக்கும் முன் குடித்து முடிப்பதுதான் பரிகாரம்.

காலி பிளாஸ்க் எங்கேயும் போகும். மூடியைத் திறந்து வைத்துவிட்டால் கேள்வியும் கேட்க மாட்டார்கள். உள்ளே போனபிறகு வெந்நீர் பிடித்துக்கொள்ளலாம், சீன விமான நிலையங்களில் வெந்நீர்க் குழாய் வழக்கமாகவே இருக்கும்.

பித்தளை ஃபில்டரைப் பிரித்துக் காட்டச் சொல்கிறார்கள்

ஃபில்டர் தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. ஆனால் திரையில் அதன் உருவத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு உலோக உருளைகள், அடியில் வரிசையாகத் துளைகள், நடுவில் நிமிர்ந்து நிற்கும் தண்டோடு ஒரு தட்டு. இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று உள்ளே பொடியையும் அடைத்துவிட்டால், உலோகக் குழாய்க்குள் பொடி என்று ஆகிவிடும். எந்த ஊர் செக்யூரிட்டியும் அதைச் சும்மா விடாது. மேல் பாத்திரம், கீழ்ப் பாத்திரம், தட்டு மூன்றையும் பிரித்து, கழுவித் துடைத்து, காலியாக வையுங்கள்.

கையால் சுற்றும் காபி கிரைண்டர் கனமான உலோகம், எடுத்துப் பார்ப்பார்கள், விடுவார்கள். பிளேடு வைத்த மின்சார கிரைண்டரைப் பெட்டியில் போடுங்கள், வாதம் மிச்சம். பேட்டரியில் ஓடும் பால் நுரைக்கும் கருவியில் லித்தியம் பேட்டரி இருந்தால் அதைக் கையோடு கொண்டுவருவதே நல்லது.

செக்-இன் கவுன்ட்டரில் கேபின் பை கனம் என்கிறார்கள்

பல ஏர்லைன்ஸில் எகானமிக்கு 7 கிலோ. இரண்டு கிலோ காபி அதில் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பெட்டிக்கு மாற்றுங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இறங்கிய ஊரில் கஸ்டம்ஸ் எடுத்து வைக்கிறது

இங்கே ஆள் மாறிவிட்டார், அதனால் கேள்வியும் மாறிவிட்டது. மில்லி கணக்கு, எக்ஸ்ரே நிறம் எல்லாம் பின்னால் போய்விட்டன. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதே இப்போது விஷயம்.

வறுத்து அரைத்த காபி, கம்பெனி பாக்கெட் டீத்தூள் இரண்டும் கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் செல்லும். மாட்டுவது அதோடு சேர்ந்து வருபவை. பால் பவுடர் கலந்த டீ பிரிமிக்ஸ், காபி பிரிமிக்ஸை முதலில் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் இந்தியாவிலிருந்து பயணிகள் கையோடு பால் பொருட்கள் கொண்டுவருவதை அனுமதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவும் கோமாரி நோய் உள்ள நாடுகளின் பால் பொருட்கள் விஷயத்தில் மிகக் கறார். பிரிமிக்ஸ் அந்த வரம்பில் போய் நிற்கும். பால் கலக்காத பொடியாக வாங்குங்கள், பால் எந்த ஊரிலும் கிடைக்கும்.

வறுக்காத பச்சைக் காபிக் கொட்டை வேறு கதை. கூர்க்கிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ ஆசையாக வாங்கி வந்திருக்கலாம், ஆனால் அது விதை என்ற கணக்கில் வரும். காபித் தோட்டங்கள் உள்ள ஹவாய்க்கு அதைக் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம். மூலிகை டீயில் எலுமிச்சை இனத்து இலை சேர்ந்திருந்தால் அமெரிக்கா எடுத்துக்கொள்ளும். நம் கறிவேப்பிலையை விடாததும் அதே காரணத்தால்தான், எலுமிச்சை இனத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் வீட்டில் அரைத்த பாதாம் பால் பொடியில் கசகசா இருக்கிறதா என்று அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அபினிச் செடியின் விதை என்பதால் அங்கே அது போதைப்பொருள் வழக்குவரை போகும். மற்றதெல்லாம் பொருளோடு போய்விடும், இது ஆளையே பிடித்து வைக்கும்.

நிறையக் காபி கண்டால் குத்திப் பார்ப்பதும் நடக்கும். நாயின் மூக்கை ஏமாற்றலாம் என்று காபிக்குள் போதைப்பொருளைப் புதைத்துக் கடத்துவது பழைய தந்திரம், அதிகாரிகளுக்கும் அது தெரியும். உறவினர் கொடுத்தனுப்பும் சீல் உடைந்த பொட்டலத்தைக் கை நீட்டி வாங்காமல் இருப்பது நல்லது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

படிவத்தில் "உணவுப்பொருள் உண்டா" என்ற கேள்விக்கு "ஆம்" போடுங்கள். சொல்லிவிட்டால் மிஞ்சிப்போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள், அபராதம் கிடையாது. மறைத்தால்தான் அபராதம். நியூசிலாந்தில் அது அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர். ஆஸ்திரேலியாவில் விசாவே ரத்தாகலாம்.

விமானத்தில் பாக்கெட் உப்புகிறது, பாட்டில் பீச்சுகிறது, டீ சப்பென்று இருக்கிறது

மூன்றுக்கும் மூலம் காற்றழுத்தம். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம், ஊட்டியில் நிற்பதுபோல. மூடிய பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்குவரை விரியும். புதிதாக வறுத்த காபி தானும் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து பாக்கெட் பலூனாகும், தையல் விட்டால் சட்டை முழுக்கக் காபி. வால்வு வைத்த பையில் வாங்குங்கள். இல்லையென்றால் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி ஜிப் கவரில் இன்னொரு சுற்று போடுங்கள். டிகாஷன் பாட்டிலைத் திறக்கும்போது நிமிர்த்திப் பிடித்து, மூடியை மெதுவாகத் திருகி, காற்றை முதலில் விடுங்கள்.

8,000 அடியில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். விமானத்தில் தருவது அந்தச் சூடுகூட இருக்காது. அதில் டீ பேக் எவ்வளவு நேரம் ஊறினாலும் நம்மூர் டீ ஆகாது. கேபினின் வறண்ட காற்றில் மூக்கும் பாதி வேலைதான் செய்யும். இரண்டு டீ பேக் போட்டு, கப்பை மூடி, ஐந்து நிமிஷம் வையுங்கள். காபிக்கு டிகாஷன்தான் சரி, அது ஏற்கெனவே இறங்கிவிட்டது. அரைக் கப் வெந்நீர் கேட்டு வாங்குங்கள். விமானத்துப் பால் பெரும்பாலும் குளிர்ந்த சின்னக் கப்பில்தான் வரும் என்பதால் முதலில் வெந்நீரில் டிகாஷனைக் கலந்து, பாலைக் கடைசியில் விடுங்கள். உங்கள் பிளாஸ்கை நீட்டினால் சிலர் நிரப்பித் தர மறுப்பார்கள். ஆட்டத்தில் சுடுநீர் கொட்டினால் தீக்காயம் ஆகும் என்பது அவர்களின் பயம், அதில் நியாயம் உண்டு.